கல்லீரலின் வலது மடலை அகற்றினால் மீதமுள்ள பகுதி தாங்குமா?

கேள்வி:
வணக்கம். என் தாயாருக்குப் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியுள்ளது. கீமோதெரபியில் கட்டிகள் சுருங்கியதால் வலது மடல் முழுவதையும் அகற்றிவிடலாம் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன் ஓர் இரத்தக்குழாயை அடைத்துவிட்டுச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டுமாம். நோயை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. பாதிக்கு மேல் எடுத்த பிறகு மீதமுள்ளது தாங்குமா?

பதில் 1:
எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைவிட, எவ்வளவு மிஞ்சுகிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே இந்த அறுவை சிகிச்சையின் முடிவைத் தீர்மானிக்கிறது. நோயற்ற கல்லீரலில் மொத்தக் கொள்ளளவில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலே பெரும்பாலும் போதும். நீண்ட நாள் கீமோதெரபி பெற்றவர்களுக்குச் சுமார் 30 சதவீதமும், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) உள்ளவர்களுக்குச் சுமார் 40 சதவீதமும் தேவைப்படும். வலது மடல் கல்லீரலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதால், உங்கள் தாயாரின் இடப்பக்கம் இந்த எல்லைக்கு அருகில் இருக்கக்கூடும். குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் வலக்கிளையை அடைத்தால், அந்த இரத்தம் இடப்பக்கம் திரும்பி, நான்கு முதல் ஆறு வாரங்களில் அப்பகுதி வளர்கிறது. அது போதிய அளவு வளராவிட்டால், பெரிய அறுவை சிகிச்சையை அந்தக் கல்லீரல் தாங்காது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆகவே அந்த வாரங்களை வீணான தாமதமாகக் கருத வேண்டாம். சி.டி. ஸ்கேனில் மிஞ்சும் பகுதி எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதை நேரடியாகக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஆபத்துகளையும் அறிந்திருப்பது நல்லது. அனுபவமிக்க மையங்களில் உயிரிழப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வெட்டிய பரப்பிலிருந்து பித்தநீர் கசியலாம். பெரும்பாலும் குழாய் வைத்து வடியவிட்டாலே, மீண்டும் வயிற்றைத் திறக்காமல் அது சரியாகிவிடும். நான் உண்மையில் அஞ்சுவது கல்லீரல் செயலிழப்பைத்தான். முதல் சில நாட்களில் இரத்தத்தில் பிலிரூபினும் (மஞ்சள் காமாலையை உண்டாக்கும் நிறமி) இரத்தம் உறையும் நேரமும் சற்று உயர்வது இயல்பு. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் அவை இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் மருத்துவர்கள் அதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பதில் 3:
இதே காரணத்திற்காக இதே சிகிச்சையைப் பெற்றவன் நான். கல்லீரலின் அளவு சில மாதங்களில் பெருமளவு திரும்பிவிடுகிறது. உடல் வலிமை அதைவிட மெதுவாகத்தான் திரும்பும் என்பதால் தாயாரை அவசரப்படுத்தாதீர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இவ்வகை நோயில் அறுவைக்குப் பிறகு பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி மீண்டும் வருகிறது. இருப்பினும், கல்லீரல் வளர்ந்துவிடுவதால் அவர்களில் சிலருக்கு இரண்டாம் முறையும் அகற்ற முடிகிறது. அந்த வாய்ப்பு நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதைப் பொறுத்தது. எனவே முதல் சில ஆண்டுகளில் ஸ்கேனையும் சி.இ.ஏ. இரத்தப் பரிசோதனையையும் (பெருங்குடல் புற்றுநோய் திரும்புவதைக் காட்டக்கூடிய ஒரு புரதத்தின் அளவு) ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள்.