தொட்டியில் எதைப் போட்டாலும் பூஞ்சை, என்ன செய்வது? (ஊட்டி)

மழைக்கோட்டு: வணக்கம், கொஞ்சம் அவசரம். தொட்டிக்குள் அடியில் எதை விரித்தாலும் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை, வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து வாடை வருகிறது. கோகோபீட் போட்டாயிற்று, மரத்தூள் போட்டாயிற்று. ஊட்டி மழைதான் தெரியுமே, உடுத்தும் துணியே காய மாட்டேன் என்கிறது. நம் ஊர்க் குளிருக்கு எது ஒத்து வரும்? மாலைக்குள் சொன்னால் கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுவேன்.

பல்லிப்பிரியன்: என்ன பிராணி? அதைச் சொல்லாமல் எப்படிங்க சொல்வது?

கோத்தகிரி அண்ணாச்சி: தொட்டி என்கிறீர்களே, ஆமையா தம்பி? நட்சத்திர ஆமை என்றால் விரிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

குன்னூர் அக்கா: எதுவாக இருந்தால் என்ன, கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையை நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். தைலம் காய்ச்சுகிற இலைப்பா, பூஞ்சை கிட்டவே வராது. பைசா செலவில்லை.

மழைக்கோட்டு: ஐயோ ஆமை இல்லை அண்ணா, பியர்டட் டிராகன், அதாவது தாடி ஓணான். இரண்டு நாளாக லேசாகத் தும்முகிறது, அதனால்தான் அவசரம் என்றேன்.

பல்லிப்பிரியன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சரி, பல்ப் எத்தனை வாட்? பல்புக்கு அடியில் அது வெயில் காயும் இடத்தில் எத்தனை டிகிரி? இரவில் என்ன வைக்கிறீர்கள்? மூடி வலையா கண்ணாடியா?

குன்னூர் அக்கா: பார்த்தீர்களா! பிராணியும் ஆஸ்திரேலியா, கற்பூர மரமும் ஆஸ்திரேலியா. அதற்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும்.

மூத்த ஊர்வன்: இந்தக் கேள்வி மழைக்காலம்தோறும் வருகிறது, பழைய பதில்களைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அக்கா, நம் மலையில் நிற்கும் நீலக் கற்பூர மரம் தாஸ்மேனியாப் பக்கத்துச் சரக்கு. தாஸ்மேனியாவில் தாடி ஓணானே கிடையாது, அது உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. நீங்கள் மெச்சுகிற அதே தைலம்தான் மூடிய தொட்டியில் சூடேறும்போது ஆவியாகி அதன் நுரையீரலுக்குள் போகும். தும்முகிற பிராணிக்கு இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. பைன், தேவதாரு மரத்தூளும் அப்படித்தான். மழைக்கோட்டு போட்ட மரத்தூள் எந்த மரம் என்று கேட்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஆற்றுமணல்: சலித்துக் கழுவிய மணல் போடுங்கள். பாலைவனத்து ஜீவன்தானே.

பல்லிப்பிரியன்: மணல் வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைக்கும், சூடு குறைவான தொட்டியில் செரிமானமும் மந்தமாகும் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். குட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

கோத்தகிரி அண்ணாச்சி: கற்பூர மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1840களில் வெள்ளைக்காரன் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டான், நம் புல்வெளி எல்லாம் போச்சு. அதையும் சீகை (வாட்டில்) மரத்தையும் வேரோடு பிடுங்கினால்தான் ஓடையில் தண்ணீர் வரும்.

குன்னூர் அக்கா: அண்ணாச்சி, அந்த இலையைப் பொறுக்கித்தான் இங்கே பல குடும்பம் சாப்பிடுகிறது. பிடுங்கிவிட்டு அவர்களுக்கு என்ன தருவீர்கள்? சீகையை வேண்டுமானால் பிடுங்குங்கள், அது வெட்ட வெட்ட விதையிலிருந்து முளைக்கிற சனியன்.

கோத்தகிரி அண்ணாச்சி: கற்பூரமும்தான் வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கிறது. நீங்கள் தோட்டத்தில் பார்த்ததே இல்லையா?

மழைக்கோட்டு: மரத்தூள் பைன்தான், பட்டறையில் சும்மா கொடுத்தார்கள். பல்ப் 60 வாட், பகலில் மட்டும். பழைய மீன் தொட்டி, மேலே கண்ணாடி மூடி. இரவில் குளிருமே என்று மூடிமேல் கம்பளி போர்த்தி வைக்கிறேன். டிகிரி அளந்ததில்லை.

பல்லிப்பிரியன்: விஷயமே அந்தக் கம்பளியில்தான் இருக்கிறது. பூஞ்சைக்கு ஊட்டி மழையைக் குற்றம் சொல்ல முடியாது. வெளிக்காற்று 12 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தாலும், அதே காற்றைத் தொட்டிக்குள் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30க்கும் கீழே இறங்கிவிடும். இவ்வளவு காய்ந்த காற்று இந்தப் பிராணிக்குத் தோதுதான். ஆனால் கோகோபீட் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்துப் போட்டிருப்பீர்கள், மூடியும் அடைப்பு, ஈரம் போக வழியே இல்லை. இரவில் பல்ப் அணைந்ததும் அத்தனையும் கண்ணாடியில் வியர்த்து அடியில் இறங்குகிறது. இந்த நிலையில் எந்த விரிப்பு போட்டாலும் அழுகத்தான் செய்யும்.

தரைக்குப் போடுகிற சொரசொரப்பான செராமிக் டைல் வாங்கி அளவுக்கு வெட்டிப் போடுங்கள். வழவழப்பானது வேண்டாம், கால் வழுக்கும். துடைத்தால் போதும், சூட்டையும் பிடித்து வைக்கும். டைல் கிடைக்கிற வரைக்கும் செய்தித்தாள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை போடுங்கள். வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி, மறு ஓரம் 25 சுமாருக்கு இருக்கட்டும். இரவில் 18க்குக் கீழே போகக் கூடாது, அதற்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ இங்கே பதில் எதிர்பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மூத்த ஊர்வன்: இதையேதான் போன வருடமும் எழுதினேன். அடிக்கிற வெயிலுக்கு இணையாக யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கும் வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள்.

ஆற்றுமணல்: என் நண்பன் மணலில்தான் வளர்க்கிறான், ஜம்மென்று இருக்கிறது.

குன்னூர் அக்கா: அண்ணாச்சி, தோட்டத்தில் பார்த்தேனா என்று என்னிடம் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கமே கற்பூரத் தோப்பு.

மழைக்கோட்டு: டைல் போட்டாச்சு, மூடிக்கு வலை அடித்தாச்சு. மானி வாங்கினேன், மதியம் பல்ப் அடியில் 31தான் காட்டுகிறது, நாளைக்கு 100 வாட் மாற்றுகிறேன். தும்மல் நிற்கவில்லை, சனிக்கிழமை டாக்டர். நன்றி.

பல்லிப்பிரியன்: சனிக்கிழமை வரை இழுக்காதீர்கள். இரவில் எத்தனை காட்டுகிறது?

பல்லிப்பிரியன்: மழைக்கோட்டு, இரவு எத்தனை?