புதுப்பிப்பு: பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகக் கணக்கு சரிவந்தது

போன கிழமை கிளிநொச்சியில இருந்து கேட்டிருந்தன்: ‘அல்ட்ரா ஏடிஏ 100’ (பழைய டிஸ்க் கேபிள் வகை) எண்டு போட்ட டிஸ்க்கில 100 எண்டால் எத்தினை மெகாபிட், அதை யூஎஸ்பியால கம்ப்யூட்டரில குத்தினா ஏன் செக்கனுக்கு 1 மெகாபைட்தான் வருது எண்டு. உதவின எல்லாருக்கும் நன்றி.

100 எண்டது செக்கனுக்கு 100 மெகாபைட்; ஒரு பைட்டுக்கு 8 பிட், எட்டால பெருக்கினால் 800 மெகாபிட், சரி. ஆனா அது கேபிளின்ர உச்சம். தட்டு சுத்தி வாசிக்கிற வேகம் இல்லை.

பிரச்சினையைத் தீர்த்தது ‘கம்ப்யூட்டரின்ர பின்பக்கத்தில குத்திப் பாருங்கோ’ எண்ட யோசனை. முன்பக்கம் யூஎஸ்பி 1.1: 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட்டுக்கு மேல ஏறாது. பின்பக்கம் 2.0. 30 மெகாபைட் வந்தது, 40 கிகாபைட் 23 நிமிஷத்தில முடிஞ்சுது.

எதிர்பாராதது: சாட்டாவின்ர (பிறகு வந்த டிஸ்க் கேபிள் வகை) 1.5 கிகாபிட்டை எட்டால இல்லை, பத்தால பிரிக்கோணும். அந்தக் கேபிளில ஒரு பைட்டுக்கு 10 பிட் போகுது; ஆக 150 மெகாபைட்.

இரணைமடுக் குளக்கட்டில அம்மப்பா சைக்கிளோட நிக்கிற படமும் முழுசா வந்திட்டுது.