நெக்ரில் கடற்கரை: விடுதிக் கயிறு வேணுமா, வேண்டாமா?

பயணப்பிரியன்:
ஜமைக்கா போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க இருக்குற நெக்ரில் கடற்கரை ஊர்ல 'ஊரைப் பாக்கணும்'னு ஆல் இன்குளூசிவ் (தங்கல், சாப்பாடு எல்லாம் ஒரே கட்டணத்துல) விடுதியை விட்டுட்டு வெளிய தங்காதீங்க. மணல்ல நிம்மதியா உட்கார முடியாது. முடி பின்னட்டுமான்னு ஒரு அம்மா, கண்ணாடி அடிப் படகு வேணுமான்னு ஒரு பையன், கையில கற்றாழை மடலோட மசாஜ்னு இன்னொருத்தர். அப்புறம் கஞ்சா, காதோரமா. விடுதிக்காரங்க தங்க பக்கத்து மணலைத் தடுத்துக் கட்டியிருக்குற கயிறுக்குள்ள வந்தாதான் மூச்சு விட முடியுது.

வன்னிக்காற்று:
அந்தக் கயிறுதான் அண்ணை எனக்குப் பிரச்சினை. கடலில குளிக்கிறது சனத்தின்ர பொது உரிமை எண்டு ஜமைக்காச் சட்டத்தில இல்லை. 1956ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கரையோரம் அரசின்ர சொத்து, தொழிலுக்குப் பாவிக்க அனுமதிப் பத்திரம் வேணும். பத்திரம் எடுக்க விடுதிக்காரரிட்டக் காசு கிடக்கு, முடி பின்னுற மனுசியிட்ட இல்லை. அவ அலை ஓரமா நிண்டுதான் கூப்பிடுவா. நீங்கள் அவவைப் பாக்கிறதவிட அவ உங்களை நல்லாப் பாக்கிறா: தோள் சிவந்த அளவை வைச்சு எப்ப வந்தனீங்கள் எண்டும், கைப்பட்டை நிறத்தை வைச்சு எந்த விடுதி எண்டும் சொல்லிப்போடுவா.

பயணப்பிரியன்:
சட்டம் நான் எழுதினதா? காசு கட்டி ஓய்வெடுக்க வந்தவன் நாள் முழுக்க 'வேண்டாம்மா, வேண்டாம்மா'ன்னே சொல்லிட்டு இருக்கணுமா? அந்த விடுதிகள் இல்லேன்னா ஊர்ல பாதிப் பேருக்கு வேலை ஏது?

கப்பல்காரன்:
வேலையைப் பத்திப் பேசறதுன்னா காலைல கடற்கரை விடுதிகளை ஒட்டிப் போற நார்மன் மேன்லி சாலையில நின்னு பாருங்க ப்ரோ. சவன்னா-லா-மார் டவுன் பக்கமிருந்து சிவப்பு நம்பர் பிளேட் ரூட் டாக்ஸி (நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி) விடுதி வேலைக்காரங்களோட வரிசையா வரும். பின்சீட்ல நாலு பேர், மடியில பை, சீருடை மடிப்பு மட்டும் கலையாது. நீங்க பஃபே தட்டை எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க உள்ள போயாச்சு. சாயங்காலம் ரிக்ஸ் கஃபேங்கற கடலோர பார் பாறையில எல்லாரும் கேமராவைத் தூக்கிட்டு நிப்பாங்க, அங்கேர்ந்து கடல்ல குதிக்கிற பசங்க டிப்ஸை எண்ணிட்டிருப்பாங்க. ரோட்டோரம் டிரம்மை ரெண்டாப் பிளந்து அடுப்பாக்கி ஜெர்க் கோழி (காரமான மசாலா தடவினது) சுடுவாங்க. அந்தப் புகைக்கு முன்னாடி பஃபே ஒண்ணுமே இல்ல. ('கர்ரி கோட்'ங்கற ஆட்டுக் குழம்பையும் தேடிப் பாருங்க. 1845லேர்ந்து கூலிக்குக் கப்பலேத்தி அனுப்பப்பட்ட நம்ம நாட்டு ஆட்களோட சமையல் அது.)

இன்னொண்ணு. இன்னொரு கரீபியன் தீவான பார்படாஸ்ல எல்லாக் கடற்கரையும் பொதுச் சொத்து. பணக்கார விடுதி வாசல்லயும் ஊர்க்காரர் துண்டு விரிக்கலாம். அங்க எந்த விடுதியும் அதனால இழுத்து மூடலையே?

பயணப்பிரியன்:
பார்படாஸ் ரேட்டைப் பாத்தீங்களா? போகட்டும். நடுவுல ஒண்ணு சொல்றேன்: கயிறு இருக்கட்டும், கடலுக்குப் போற வழி எல்லாருக்கும் திறந்திருக்கட்டும்.

வன்னிக்காற்று:
வழியைத் திறந்தா அந்த மனுசியும் அதாலதான் வருவா அண்ணை. அப்பவும் கயிறைத்தான் கேப்பியள்.