வைதர்ணா (1888): எஃகுக் கப்பல் ஒரே இரவில் எப்படிக் காணாமல் போனது?

கீழக்கரை_காக்கா:
குஜராத் கரையோரம் 1888 நவம்பர் 8-ஆம் தேதி தொலைந்த வைதர்ணாவைப் பற்றிக் கேட்கிறேன். 1885-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் கட்டியது. மின்விளக்கு இருந்ததால் ‘விஜ்லி’ என்று பட்டப்பெயர். செத்தவர்கள் 746 என்று ஒரு இடத்தில், 1,300 என்று இன்னொரு இடத்தில். எது சரி? நம்ம ஊர் வத்தையே (சின்னப் பாய்மரப் படகு) வாடைக்குத் தப்பிக் கரை சேரும்போது எஃகுக் கப்பலுக்கு என்ன வந்தது?

பாம்பன்_சுக்கான்:
1,300 என்பது பாட்டிலும் கதையிலும் ஊதிப்போன எண், காக்கா. பயணிகள் 703, கப்பல் ஆட்கள் 43. மாண்ட்வியில் நண்பகல் கிளம்பியபோது 520 பேர். மீதிப்பேர் துவாரகையில் ஏறினார்கள். கல்யாணக் கூட்டங்கள், பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதப் போன பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு.

எஃகு என்றதும் பெரிசாக நினைக்க வேண்டாம். நீளம் 170 அடி, அகலம் 26.5, உள் ஆழம் 9.9 அடிதான். அந்தக் காலத்து 14 அடி ஆழப் பாம்பன் கால்வாயில் சிரமமில்லாமல் நுழைகிற சைஸ். இதில் எழுநூறு பேர்!

மண்டபம்_இன்ஜின்:
ஆள் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு 50 கிலோ வைத்தால் 35 டன். கப்பலின் மொத்த எடை 600 டன், ஜனம் இருப்பது ஈர்ப்பு மையத்துக்கு 3 மீட்டர் மேலே என்று வைத்துக்கொண்டால், மையம் 17 சென்டிமீட்டர் ஏறிவிடும். (600, 3 இரண்டும் என் உத்தேசம்.) அலைக்குப் பயந்து அத்தனை பேரும் ஒரே பக்கம் 2 மீட்டர் ஒதுங்கினால், நிலைப்பு உயரம் (சாய்ந்த கப்பல் நிமிரும் திறனைக் காட்டும் அளவு) 40 சென்டிமீட்டர் உள்ள கப்பல் 16 டிகிரி சாயும். இது அலை அடிப்பதற்கு முன்னால் உள்ள சாய்வு.

அப்புறம் தண்ணீர். இந்த மாதிரிக் கப்பலில் இன்ஜின் அறைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி உடைந்தால் கடல் நேரே கொதிகலன் அடிக்குப் போகும். கரித்தூள் மிதந்து பம்பு சல்லடையை அடைக்கும், அடுப்பு அணையும், நீராவி இறங்கும். வேகம் போனால் சுக்கான் பேச்சு கேட்காது. கப்பல் அலைக்குக் குறுக்கே விழுந்துவிடும், அதோடு முடிந்தது.

கீழக்கரை_காக்கா:
போர்பந்தரில் ஒதுங்கியிருக்கலாமே?

பாம்பன்_சுக்கான்:
அங்கே நின்று ஆள் ஏற்றியிருக்கணும். கடல் மோசமானதால் நிற்காமல் நேரே பம்பாய்க்குத் திருப்பினார்கள். போர்பந்தர் நிர்வாகி லேலி ‘திரும்பிப் போ’ என்று எச்சரித்தார் என்பது கதை, ஆதாரம் கிடையாது. கேப்டன் காசிம் இப்ராஹிம் திமிர் பிடித்துப் போனார் என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடையில் நமக்கு ராமேஸ்வரம் தீவின் தெற்கே மன்னார் பக்கம் அமைதி, கச்சானில் (தென்மேற்குக் காற்றில்) வடக்கே பாக் பக்கம் அமைதி. குஜராத்தின் திறந்த கரையில் அப்படி இடம் மாற்றிப் பதுங்க வழி ஏது? கடைசியாக மாங்ரோல் பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

மண்டபம்_இன்ஜின்:
விசாரணையில் உயிர்காப்புப் படகும் மிதவைச் சட்டையும் போதாது என்று தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. கப்பலில் சுமைக்கோடு (பாரத்தால் கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்டும் கோடு) இருக்க வேண்டும் என்று 1876 பிரிட்டிஷ் சட்டம் சொன்னது. ஆனால் அந்தக் கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பது 1890 வரை முதலாளி இஷ்டம். அதனால் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து ‘பாரம் அளவாகத்தான் இருந்தது’ என்று யாராவது வாதாடினால் ஏற்காதீர்கள்.