பெங்களூரில் ஒரு குழந்தை வாய் திறந்து சொன்னால்: களத்தில் இருப்பவர்களின் பகிர்வு

ஒருங்கிணைப்பாளர், அல்சூர்

ஸ்ரீராம்புரம், ஓகலிபுரம், மர்ஃபி டவுன், ஈஜிபுரா என்று நம் தமிழ் ஆட்கள் இருக்கும் எந்த ஏரியாவை எடுத்தாலும், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்ததும் பெரியவர்கள் முதலில் போவது சங்கத் தலைவர் வீட்டுக்கு, இல்லையென்றால் அதைச் செய்த ஆளின் வீட்டு வாசலுக்கு. போக வேண்டிய இடங்களுக்குப் போகாமல் இரண்டு மூன்று நாள் கழிந்துவிடுகிறது. அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும், எது எங்கே கெட்டுப்போகிறது என்பதை, வேலையாகவே இதைப் பார்க்கிறவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை தேவையில்லை. எந்தக் குழந்தையின் பெயரும், பள்ளியும், தெருவும், குடும்பத்தை அடையாளம் காட்டும் வேறு எதுவும் வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை.

குழந்தைகள் மனநல ஆலோசகர், லிங்கராஜபுரம்

பெரும்பாலும் குழந்தை இதை நேராகச் சொல்லாது. "அந்த வீட்டுக்கு டியூஷன் போக மாட்டேன்" என்று அழும். காரணமில்லாத வயிற்றுவலி வரும். எப்போதோ நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் ஏழு, எட்டு வயதில் திரும்பும். ஒரே ஒரு ஆளைக் கண்டால் மட்டும் அம்மாவின் பின்னால் ஒளியும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேட்பது எப்படி என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "அவன் உன்னைத் தொட்டானா?" என்று கேட்டால் பதில் உங்களுடையதாகிவிடும். "என்ன ஆச்சு?", "அப்புறம்?", "வேற ஏதாவது சொல்லணுமா?" இந்த மூன்றும் போதும். நடுவில் "ஏன் அப்பவே சொல்லலை?" என்று ஒரு முறை கேட்டால் பிள்ளை அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். சொல்லத்தான் போகிறீர்கள். "உன்னைப் பார்த்துக்கிறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள்.

கேட்டு முடித்ததும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், யார் இருந்தார்கள், பிள்ளை எந்தச் சொல்லைச் சொன்னதோ அதே சொல். உடல் உறுப்புக்கு வீட்டில் புழங்கும் செல்லப் பெயரைச் சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். செல்போனில் வீடியோ எடுக்க வேண்டாம். குடும்ப வாட்ஸாப் குழுவுக்குள் ஒருமுறை போனதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் "சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தார்கள்" என்று வாதாட அதுவே வசதி. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளுக்கொரு முறை கேட்பதையும் தடுத்துவிடுங்கள். ஐந்தாவது தடவை சொல்லும்போது விவரம் மாறும். பொய் சொல்வதால் அல்ல, சலிப்பினாலும் பயத்தினாலும்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். முதல் வாரம் தெளிவாகச் சொன்ன பிள்ளை மூன்றாம் வாரம் "ஒண்ணும் நடக்கலை" என்று சொல்லும். அந்த ஆள் வீட்டு ஓனராகவோ, அப்பாவுக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரியாகவோ, தாய்மாமனாகவோ இருப்பான். வீட்டில் சாப்பாடு குறைந்ததும், அம்மா அழுவதும் தன்னால்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அப்போது பிள்ளையை நம்பாமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நிமான்ஸ் குழந்தைகள் மனநலப் பிரிவு இந்த ஊரிலேயே இருக்கிறது. அங்கே போனால் பைத்தியப் பட்டம் கட்டுவார்கள் என்ற பயத்தை விடுங்கள்.

பையன்களுக்கும் இதே சட்டம்தான். 18 வயதுக்குக் கீழ் எல்லாருமே குழந்தைகள்.

அரசு மருத்துவமனை செவிலியர், சிவாஜிநகர்

ஆலோசகர் அக்கா சொன்ன அந்தத் தாளோடு நேராக மருத்துவமனைக்கு வந்துவிடலாம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. போக்சோ 27ஆம் பிரிவும் 2020ஆம் ஆண்டு விதிகளும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. தனியார் மருத்துவமனையும் இலவசமாகவே முதல் சிகிச்சை தர வேண்டும். பௌரிங், வாணி விலாஸ், கே.சி. ஜெனரல் எதற்கு வேண்டுமானாலும் போங்கள், பக்கத்தில் இருப்பதுதான் நல்லது.

வரும்முன் குளிப்பாட்டாதீர்கள். அம்மாக்களுக்கு அந்த நேரத்தில் முதலில் தோன்றுவதே தண்ணீர் ஊற்றுவதுதான், புரிகிறது, ஆனால் அதில்தான் சாட்சியம் போகிறது. போட்டிருந்த உடையைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் அல்லது செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் உள்ளே ஈரம் கோத்து, பூஞ்சை பிடித்து, மாதிரி கெட்டுவிடும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்திவிட்டு மடியுங்கள். ஏற்கெனவே குளிப்பாட்டியாகிவிட்டதா? அப்போதும் வாருங்கள், உடையிலும் படுக்கை விரிப்பிலும் இருக்கக்கூடும்.

நேரக் கணக்கு இது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பலர் குமட்டல் வந்ததும் பத்தாவது நாளில் நிறுத்திவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் பலன் இல்லை. குமட்டலுக்குத் தனியாக மாத்திரை கேளுங்கள், தருவோம். பூப்பெய்திய பெண் குழந்தை என்றால் அவசரக் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள். உடலில் இருந்து மாதிரி எடுப்பது பொதுவாக 96 மணி நேரம் வரை பயன் தரும். அதைத் தாண்டிவிட்டால் வர வேண்டாம் என்று அர்த்தமில்லை. தொற்று, கர்ப்பம், காயம் எல்லாம் பார்க்க வேண்டும். சில ரத்தப் பரிசோதனைகளைச் சில வாரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறு ஒருவரோ கூடவே இருக்கலாம். இரண்டு விரல் பரிசோதனை கூடவே கூடாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர் தவறிழைத்தவராகவே கருதப்படுவார் என்று சொல்லிவிட்டது. பரிசோதனைக்குப் பிள்ளை மறுத்தால் சிகிச்சையை நிறுத்தக் கூடாது, இரண்டும் வேறு வேறு.

அறிக்கையில் "காயம் இல்லை" என்று வந்தால் உடைந்துபோகாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் காயம் தெரிவதே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

வழக்கறிஞர், சிட்டி சிவில் கோர்ட்

ஸ்டேஷனில் எது தப்பாகப் போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் தடை எல்லை. கோடை விடுமுறைக்குத் திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்த ஊருக்குப் போன இடத்தில் நடந்திருக்கும். பிள்ளை இங்கே வந்த பிறகு சொல்லும். "அங்கே போய்க் கொடுங்கள்" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனும் எல்லை பார்க்காமல் பதிய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். நகல் இலவசம், கையோடு கேட்டு வாங்குங்கள். மறுத்தால் புகாரை எழுத்தில் துணை போலீஸ் கமிஷனருக்கு (டி.சி.பி.) பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். போக்சோ குற்றத்தைப் பதிய மறுக்கும் காவலருக்கும் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

இரண்டாவது மொழி. நம் குழந்தைகளுக்கு இதுதான் பெரிய இடி. பிள்ளை தமிழில் சொல்கிறது, ரைட்டர் கன்னடத்தில் எழுதுகிறார், கோர்ட்டில் அது ஆங்கிலமாகிறது. நடந்ததை விவரமாகச் சொன்னது, தாளில் "தப்பாக நடந்துகொண்டான்" என்று சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தில் சட்டப் பிரிவே மாறுகிறது. உடலுக்குள் ஊடுருவல் இருந்தால், அது விரலாக இருந்தாலும், வாய்வழியாக இருந்தாலும், போக்சோ 4ஆம் பிரிவு: குறைந்தது 10 ஆண்டு, 16 வயதுக்குக் கீழ் என்றால் குறைந்தது 20 ஆண்டு. 12 வயதுக்குக் கீழ் இருந்தாலோ, செய்தவன் உறவினன் அல்லது ஆசிரியன் என்றாலோ 6ஆம் பிரிவு, அதிலும் குறைந்தது 20. ஊடுருவல் இல்லாத தொடுதலுக்குப் பொதுவாக 8ஆம் பிரிவு, 3 முதல் 5 ஆண்டு. பேச்சு, சைகை, படம் காட்டுதல் என்றால் 12ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை. ஆகவே பொதுவான சொல்லில் எழுதவிடாதீர்கள். 19, 26ஆம் பிரிவுகள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தருகின்றன. "தமிழ் தெரிந்தவரை வையுங்கள், எழுதியதைத் தமிழில் திரும்பப் படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்து" என்று நிதானமாகச் சொல்லுங்கள். எதிர்த்தரப்புக்கு வேண்டியவர் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் வேறு ஆள் கேளுங்கள்.

வாக்குமூலத்தை வீட்டிலேயே எடுக்கலாம். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அந்த ஆள் கண்ணில் படக் கூடாது.

மூன்றாவது வயது. 15, 16, 17 வயதுப் பிள்ளைகளின் வழக்குகள் இதில்தான் ஆடிப்போகின்றன. வயதுக்கு முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி அல்லது பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவு சொல்லும் வரிசை இது. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது. ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கே பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதம் என்று குத்துமதிப்பாகத் தேதி கொடுத்த குடும்பங்கள் ஏராளம். இரண்டு தாளிலும் இரண்டு வயது இருக்கும். ஊர்ப் பிறப்புச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள், ஏதாவது நடந்த பிறகு தேட வேண்டாம்.

சமரசத்துக்கு வருகிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: இந்தக் குற்றத்தை இரு வீட்டாரும் பேசி முடித்துக்கொள்ள முடியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படி ரத்தான ஒரு வழக்கையே திரும்ப உயிர்ப்பித்தது.

ஆசிரியை, ஸ்ரீராம்புரம்

வக்கீல் சார் சொன்ன 21ஆம் பிரிவு எங்களுக்கும் உண்டு. தெரிந்தும் சொல்லாத ஆசிரியருக்கு ஆறு மாதம் வரை, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. பள்ளி தானாக விசாரணைக் குழு போடுவதும், பிள்ளையிடம் எழுதி வாங்குவதும், "பேரு கெட்டுடும்" என்று பெற்றோரிடம் டி.சி. நீட்டுவதும் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் போலீசுக்கும் சொல்வதுதான் எங்கள் வேலை. 2023 முதல் 1098, 112 அவசர எண்ணோடு இணைந்து அரசின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரீட்சை முடியுமுன்னே டி.சி. கேட்பது, "ஊர்ல பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று ஏப்ரலில் கிளம்புவது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை திடீரென்று புதுக் கம்மல் போட்டு வருவது. விசாரித்தால் தாய்மாமனுக்குக் கல்யாணம் பேசியிருப்பார்கள். கர்நாடகாவில் 2017 திருத்தத்துக்குப் பின் குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆனால் கல்யாணத்தைத் தமிழ்நாட்டில் ஓசூர் தாண்டி வைத்தால் அந்தத் திருத்தம் அங்கே பொருந்தாது, 2006 மத்தியக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம்தான். அதனால் அந்த மாவட்ட அதிகாரிகளுக்கே சொல்ல வேண்டும். மண்டபம் அல்லது கோயில் பெயர், முகூர்த்த நேரம், பத்திரிகையின் புகைப்படம், பள்ளி வயதுச் சான்று இந்த நான்கும் கையில் இருந்தால் நிறுத்திவிடலாம். மாஜிஸ்திரேட்டிடம் அந்த மத்தியச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் தடை உத்தரவு வாங்கினால், அதை மீறி நடக்கும் கல்யாணம் எந்த மாநிலத்திலும் செல்லாது. நிறுத்தியதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து வேறு ஊரில் சத்தமில்லாமல் நடத்திவிடுவார்கள். ஜூனில் பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செவிலியர், சிவாஜிநகர்

டீச்சர் சொன்னதற்கு ஒரு வரி சேர்க்கிறேன். 17 வயதில் பிரசவத்துக்கு வரும் பெண்ணின் விவரம் எங்களிடமிருந்து போலீசுக்குப் போகும், தாலி கட்டியவன் என்பதால் விலக்கு இல்லை. அந்தப் பயத்தில் வீட்டிலேயே பிரசவம் பார்க்காதீர்கள். உயிர் போகும்.

ஆதரவு நபர், ஈஜிபுரா

எங்களைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். ஆன 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். கமிட்டி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். குடும்பம் சம்மதித்தால் கமிட்டி ஒரு ஆதரவு நபரை நியமிக்கும். வழக்கு முடியும்வரை கூடவே வருவது அவர் வேலை. யாரும் வரவில்லையென்றால் கமிட்டிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

"கமிட்டிக்குப் போனால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. செய்தவன் அதே வீட்டில் இருக்கிறான், அல்லது பெற்றோர் துணை இல்லை என்றால்தான் அந்தப் பேச்சே வரும். அதையும் மூன்று நாளுக்குள் விசாரித்து, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணம் மூன்று வழியில் வரும், மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சாப்பாடு, துணி, போக்குவரத்துக்கு உடனடி உதவி: கமிட்டி பரிந்துரைத்து ஒரு வாரத்துக்குள். இடைக்கால இழப்பீடு: எஃப்.ஐ.ஆருக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம், உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு தர வேண்டும். தண்டனை கிடைத்தால்தான் இழப்பீடு என்பது தவறு, குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். தகுதி இருந்தால் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் படிப்புக்காக மாதம் 4,000 ரூபாய். மூன்றுக்கும் முட்டுக்கட்டை ஒன்றே: பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது, இருந்தால் இனிஷியல் ஒத்துப்போகாது. முதல் வாரத்திலேயே அதைச் சரிசெய்யுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100, இலவச சட்ட உதவி.

கோர்ட்டில் கதவு மூடித்தான் விசாரணை. திரை அல்லது வீடியோ வழியாகப் பிள்ளை பேசும், அந்த ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேட்க முடியாது, கேள்வி நீதிபதி வழியாகத்தான் வரும். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக இடைவேளை கேட்கலாம். இங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முந்தின வாய்தாவிலேயே எழுதிக் கொடுங்கள், அன்று காலையில் கேட்டால் வழக்கு தள்ளிப்போகும்.

ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பல வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. இதற்குள் குடும்பம் வாடகை வீடு மாறும், அல்லது வெட்கத்தில் ஊருக்கே போய்விடும். சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பும், சாட்சி வரவில்லை என்று வழக்கு தொய்ந்துவிடும். வீடு மாறினால் புது முகவரியையும் போன் நம்பரையும் ஸ்டேஷனுக்கும் அரசு வக்கீலுக்கும் அதே வாரம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.