புதுப்பிப்பு: பழைய பிரிட்டிஷ் சைக்கிள், பின் அச்சில் நட் வழுக்கல் (தீர்ந்தது)

பின் அச்சில் நட்டை இறுக்கினால் மரை வழுக்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. மரையை அளக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது.

வெர்னியர் அளவுகோலில் அச்சின் விட்டம் 9.5 மி.மீ.; மரை கேஜில் (மரை இடைவெளி பார்க்கும் பல் தகடு) அங்குலத்துக்கு 26 மரை. ஆக, 3/8 அங்குல சைக்கிள் மரை. மாட்டியிருந்ததோ எம்10×1 நட் (மெட்ரிக்: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி). அதில் அங்குலத்துக்கு 25.4 மரை என்பதால் கையாலேயே சுலபமாக ஏறிவிடும். ஆனால் விட்டம் ஏறக்குறைய அரை மி.மீ. அதிகம், மரையின் நுனியை மட்டுமே பிடிக்கும்.

எதிர்பாராதது ஒன்று: சரியான 3/8×26 நட்டும் பாதியில் நின்றது. பழைய நட் மரை நுனிகளைச் சாய்த்திருந்தது. 26 மரை டையை (மரை வெட்டும் கருவி) எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டியதும் நட் முழுசாக ஏறி இறுகியது.

24 மரை யு.என்.எஃப். (இன்னொரு அங்குல நுண்மரை வகை) நட்டும் 3/8 அங்குலம்தான். அதை வலிந்து ஏற்றாதீர்கள், அச்சே கெடும்.