அம்மாவுக்கு வலது கையில் கார்பல் டனல், மோதிர விரலில் டிரிக்கர்: ஊசி போதுமா, ஆபரேஷனா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு, 9 வருஷமா சர்க்கரை, கடைசியா எடுத்த எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை) 7.8. ஆறேழு மாசமா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வலது கை மரத்துப்போய் எழுந்திரிச்சிடுறாங்க. கையை உதறினா கொஞ்சம் தேவலை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்ல தான் அதிகம். இப்போ பகல்லயும் மதமதன்னு இருக்கு. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியல. அதோட மோதிர விரல் காலைல மடங்கி மாட்டிக்குது, இன்னொரு கையால நிமிர்த்தினா டக்குனு விடுது. இடது கையிலும் ராத்திரி மட்டும் லேசா மரப்பு.

என்சிஎஸ் (நரம்புல மின் சேதி எப்படிப் போகுதுன்னு பார்க்கிற சோதனை) ரிப்போர்ட்ல வலது மீடியன் நரம்பு மோட்டார் லேட்டன்சி (சேதி தசைக்குப் போய்ச்சேர ஆகும் நேரம்) 6.1 மில்லி செகண்ட், சென்சரி (உணர்ச்சிச் சேதி) பதிவாகலன்னு இருக்கு. ஒரு டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம்னார். இன்னொருத்தர் சர்க்கரை நரம்புன்னு வைட்டமின் மாத்திரை கொடுத்தார். மூணாவது டாக்டர் ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு சொல்றார். ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாமா? மயக்க மருந்து கொடுக்கணுமா? சமையல் வேலைக்கு எப்போ திரும்பலாம்?

கைநரம்பு:

முதலில் கழுத்தா, சர்க்கரையா, மணிக்கட்டா என்பதைப் பிரித்துவிடுவோம். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மோதிர விரலின் இரண்டு பக்கத்தையும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். நடுவிரலை ஒட்டிய பக்கம் மரத்தும், சுண்டு விரலை ஒட்டிய பக்கம் தெளிவாகவும் இருந்தால் அது பெரும்பாலும் மணிக்கட்டில் அழுந்தும் மீடியன் நரம்புதான். ஒரே விரலை இப்படிப் பாதியாகப் பிரிக்கும் வேலையைக் கழுத்து நரம்பு பொதுவாகச் செய்யாது. கழுத்துப் பிரச்சினை என்றால் முழங்கைக்கு மேலும் வலி இழுக்கும், கழுத்தைத் திருப்பும்போது கூடும், கையை உதறினால் அடங்காது. சர்க்கரை நரம்பு பாதத்தில்தான் தொடங்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறும். ஆனால் சர்க்கரையால் நலிந்த நரம்பு எளிதாக நசுங்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் சர்க்கரை இருப்பதைக் காட்டி ஆபரேஷன் வேண்டாம் என்பது சரியில்லை.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகள் பள்ளமாக அமைந்து, அதன் மேல் கெட்டியான தசைநார் கூரை போல மூடியிருக்கும். கார்பல் டனல் எனும் அந்தக் குகைக்குள் விரல் மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். ராத்திரி எழுப்பிவிடுவது அதுதான். உள்ளங்கை நடுத் தோலுக்குப் போகும் கிளை குகைக்கு முன்பே பிரிந்து கூரைக்கு மேலாகப் போவதால் அங்கே உணர்ச்சி நன்றாகவே இருக்கும். இதுவும் ஒரு நல்ல அடையாளம்.

இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டை விரலடி மேடு வலது பக்கம் சப்பையாக இருக்கிறதா பாருங்கள். கையை மல்லாக்க வைத்துக் கட்டை விரலை வீட்டுக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி, நீங்கள் கீழே அழுத்தினால் தாங்குகிறதா என்றும் பாருங்கள். சப்பை விழுந்திருந்தால் தள்ளிப்போட நேரமே இல்லை.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். மோட்டார் லேட்டன்சி ஏறக்குறைய 4.4க்குள் இருக்க வேண்டும். 6.1, அதோடு சென்சரி பதிவாகவில்லை என்றால் முற்றிய நிலை. இந்த நிலையில் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும், நசுங்கலை எடுக்காது. சர்க்கரையும் நாலைந்து நாள் எகிறும். ஊசி போட்ட சூட்டோடு ஆபரேஷன் செய்தால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுவதால் சுமார் 3 மாதம் காத்திருக்க வேண்டிவரும். அம்மாவின் நரம்புக்கு அந்த 3 மாதம் பெரிய விலை. மூன்றாவது டாக்டர் சொன்னதே என் கருத்தும்.

ஒன்றை மறக்காதீர்கள். சிலருக்கு ராத்திரி வலி தானாகக் குறையும், மரப்பு மட்டும் பகலெல்லாம் தங்கும். குணமாகிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நரம்பு களைத்துப்போய் வலியைக்கூடச் சொல்ல முடியாத நிலை அது.

தைராய்டுக்கு டிஎஸ்எச், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12, இரண்டும் பார்த்துவிடுங்கள். உடம்பில் எங்காவது உணர்ச்சி குறைந்த வெளுத்த தேமல் இருக்கிறதா, முழங்கை உள்பக்க நரம்பு தடித்திருக்கிறதா என்றும் டாக்டர் தடவிப் பார்க்க வேண்டும். தொழுநோய் நம் ஊரில் முழுதாகப் போய்விடவில்லை.

தியேட்டர்மேசை:

மயக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழு மயக்கம் தேவையில்லை. 1 சதவீத லிக்னோகெயினில் (மரக்கச் செய்யும் மருந்து) 1:1,00,000 அட்ரினலின் (ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து), எரிச்சல் குறைய 10 மில்லிக்கு 1 மில்லி 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் சேர்த்து, உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் மெல்லிய ஊசியால் மெதுவாகப் போடுவார்கள். பிறகு 25 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை அவசரத்தில் விழுங்கினால் ரத்தம் கசிந்து, தெரிய வேண்டியது தெரியாது. சரியாகக் காத்திருந்தால் கையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டையே வேண்டாம். ஆட்களுக்கு அதிகம் வலிப்பது அந்தப் பட்டைதான். கனடாவின் கை அறுவை மருத்துவர் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறை இது. தூக்க ஊசி எதுவும் சேர்க்காவிட்டால் வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்காரருக்கு இதுவே பெரிய நிம்மதி.

அட்ரினலின் சேர்த்தால் லிக்னோகெயின் உச்ச அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம், அதாவது 1 சதவீதத்தில் 42 மில்லி. கார்பல் டனலுக்கு 20 மில்லி தாண்டாது. தவறு நேரும் இடம் கலக்கும்போதுதான். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பியூலிலிருந்து 10 மில்லிக்கு 0.1 மில்லிதான் போக வேண்டும். புள்ளி ஒன்று தள்ளினால் பத்து மடங்கு. சிரிஞ்சில் பெயர் எழுதி ஒட்டாமல் மேசைக்கு வரக் கூடாது. விரலுக்கு ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு அட்ரினலின் விட்டுவிட்டுப் பட்டையே கட்டலாம்.

வெட்டு உள்ளங்கையில், மோதிர விரலின் நேர்கோட்டில், 2.5 முதல் 3 சென்டிமீட்டர். தோல், கொழுப்பு, உள்ளங்கைச் சவ்வு, அதன் கீழ் வெள்ளையாகக் குறுக்கே ஓடும் தசைநார். அதைச் சுண்டு விரல் பக்கமாக வைத்தே வெட்டுவார்கள். கட்டை விரலைத் தூக்கும் தசைக்கான கிளை மறுபக்கம் பிரிகிறது, சிலருக்கு அது தசைநாரைத் துளைத்துக்கொண்டே போகும். விரல் பக்கம் மஞ்சள் கொழுப்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். அங்கே நிறுத்தவும் வேண்டும், அடியில் ரத்தக் குழாய் வளைவு கிடக்கிறது. முன்கை பக்கம் தோலைத் தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார்த்தே இன்னும் 1 முதல் 2 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தும் ராத்திரி மரப்பு அப்படியே தொடர்ந்தால் முதல் சந்தேகம் ஏதோ ஓர் இழை வெட்டப்படாமல் நின்றது என்பதே. தசைநாரைத் தைப்பதில்லை, தோலை மட்டும்தான்.

மோதிர விரலுக்கும் அதே மேசையில் முடித்துவிடலாம். உள்ளங்கையில் விரலடிக்குச் சற்றுக் கீழே 1 முதல் 1.5 சென்டிமீட்டர் வெட்டு. தசைநாண் போகும் உறையின் முதல் வளையத்தை, ஏ1 என்பார்கள், திறந்தால் போதும். அடுத்த வளையமான ஏ2வைத் தொட்டுவிட்டால் தசைநாண் வில்லின் நாண் போல எம்பி நிற்கும், பிடி போய்விடும். இருபுறமும் விரல் நரம்பு ஓடுவதால் அவற்றை ஒதுக்கிவிட்டே வெட்டுவார்கள். ஆள் விழித்திருப்பதால் விரலை மடக்கி நிமிர்த்தச் சொல்லி, மாட்டவில்லை என்று அங்கேயே உறுதி செய்யலாம். டிரிக்கர் மட்டும் இருந்தால் முதலில் ஊசி போட்டுப் பார்ப்பது நியாயம். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது பலிப்பது குறைவு.

எண்டோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்வது) வேண்டுமா என்று கேட்பீர்கள். வேலைக்குச் சில நாள் முன்னால் திரும்பலாம். வருடக் கடைசியில் பலன் ஒன்றுதான்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. மோதிர விரல்ல பாதிதான் மரப்பு, நீங்க சொன்ன மாதிரியே! மேடும் லேசா சப்பையா தெரியுது. ரெண்டு கையும் ஒரே நாள்ல பண்ணிடலாமா?

பிடிப்பயிற்சி:

வேண்டாம். சாப்பிட, கால் கழுவ ஒரு கை வேண்டும். இடது கை ஆரம்ப நிலைதானே, அதற்கு 6 வாரம் ராத்திரி ஸ்ப்ளின்ட் (மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் உறை) போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் ஸ்ப்ளின்ட்டில் உள்ள உலோகப் பட்டை 20, 30 டிகிரி பின்னால் வளைந்திருக்கும். அப்படியே போட்டால் குகை அழுத்தம் குறையாது. பட்டையை உருவி, நேராக நிமிர்த்திப் போடுங்கள். விரல்கள் வெளியே முழுதாக மடங்க வேண்டும்.

வலது கைக்கு: ஆபரேஷன் அன்றே விரல்களை முழுதாக மூடித் திறக்க வேண்டும், மணிக்கொரு தடவை பத்து முறை. முதல் 3 நாள் கை நெஞ்சுக்கு மேலே, தலையணையில். கழுத்தில் கட்டும் தூளியில் தொங்கவிட்டால் விரல் வீங்கும், தோள் இறுகும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். சர்க்கரைக்காரருக்கு 14 நாளே நல்லது. அதுவரை தண்ணீர் படக் கூடாது. காய் நறுக்குவது, கரண்டி பிடிப்பது 2 வாரத்துக்குப் பிறகு. தேங்காய் துருவுவது, மாவு பிசைவது, துணி பிழிவது, கிரைண்டர் கல் தூக்குவது எல்லாம் 6 வாரம் கழித்து. தையல் பிரித்துக் காயம் முழுதாக மூடியதும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை அழுத்தித் தேயுங்கள், 5 நிமிடம், நாளைக்கு 3 தடவை.

உள்ளங்கை அடியில் இரண்டு பக்கமும் ஊன்றும்போது வலிக்கும். 3 மாதம், சிலருக்கு 6 மாதம்கூட. ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ராத்திரி எழுவது சில நாளில் நிற்கும். பகல் மரப்பு மெதுவாகத்தான் குறையும், முற்றிய நிலையில் ஒரு வருடம் வரை ஆகும், கொஞ்சம் மிச்சமும் நிற்கலாம். அதுவரை சூடு தெரியாது என்பதால் தோசைக்கல், குக்கர் மூடியை வெறும் விரலால் தொட விடாதீர்கள். இடுக்கி கட்டாயம்.

காயம் சிவந்து பரவினால், சீழ் வந்தால், கை பளபளவென்று வீங்கி எரிந்துகொண்டே இருந்தால், முன்பு இல்லாத இடத்தில் மரப்பு வந்தால் அன்றே காட்டுங்கள்.

கைநரம்பு:

மேடு சப்பை என்றீர்கள். அந்தத் தசை திரும்பும் என்று உறுதி தர முடியாது. கட்டை விரல் எதிர்ப்பக்கம் வராமலே நின்றுவிட்டால், மணிக்கட்டில் இருக்கும் வேறொரு தசைநாணை எடுத்து மாற்றிக் கட்டும் வழி உண்டு. வேலூர் சிஎம்சியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்தியது இதே தசைநாண் மாற்றும் கொள்கையில்தான்.

டாக்டரிடம் போகும்போது என்சிஎஸ் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் வேண்டும். குணமான பிறகும் எண்கள் முழுக்கச் சீராகாமல் இருக்கலாம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரை இருந்தால் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எச்பிஏ1சி 8க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையலை முந்தின நாளே சோப்பு நுரை போட்டுக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.